மூன்றாவது மேன்ஹோலில் மஞ்சள் தண்ணீர்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் (எஸ்.டி.பி.) ஆபரேட்டர் போன் செய்தார். "மேடம், சேறு சரியில்ல. வெள்ளையா நுரை பொங்குது, வாசனையும் மாறிப்போச்சு. ஒரு எட்டு வந்து பாத்துடுங்க." அவர் லேசில் போன் செய்கிறவர் இல்லை. மோட்டார் நின்றால் அவரே பார்த்துக்கொள்வார், புளோயர் பெல்ட் அறுந்தால் அவரே மாற்றிவிட்டு மறுநாள் சொல்வார். அவர் கூப்பிட்டால் போய்விட வேண்டும். காபியைக்கூட முடிக்காமல் வேளச்சேரியிலிருந்து வண்டியை எடுத்தேன்.

சென்னையின் தென்பகுதியில் ஒரு பெரிய ஆராய்ச்சி வளாகத்தில், சுற்றுச்சூழல் பிரிவில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். வேதியியல், உயிரியல், பொருளறிவியல் என்று நாற்பதுக்கும் மேல் லேப்கள், விடுதிகள், கேன்டீன், விலங்குக் கூடம், ஏழு டீசல் ஜெனரேட்டர், ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், லேப் தண்ணீருக்கென்று தனியாக ஒரு சின்ன ரசாயனக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் (இ.டி.பி.). இத்தனையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை சொல்கிறபடி நடக்கிறதா என்று பார்ப்பதும், அளப்பதும், எழுதி அனுப்புவதும் என் வேலை. சொந்தக்காரர்கள் கேட்டால் "தண்ணி டெஸ்ட் பண்ற வேலை" என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அதுதான் உண்மையும்கூட.

நான் போனபோது ஆபரேட்டர் அண்ணன் ஒரு லிட்டர் அளவு ஜாடியில் காற்றூட்டும் தொட்டியின் தண்ணீரை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். முப்பது நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சேறு எவ்வளவு படிகிறது என்று பார்க்கிற சோதனை அது. நல்ல நாளில் சாக்லேட் நிறச் சேறு பஞ்சுபோலத் திரண்டு மெதுவாகக் கீழே இறங்கும், 250, 300 மில்லி கோட்டில் நின்றுவிடும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும், மூக்கருகில் கொண்டுபோனால் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். அன்றைக்கு எதுவும் திரளவில்லை. தூள்தூளாக மிதந்தது, மேலே கலங்கல், வாசனை என்று சொல்ல எதுவுமே இல்லை. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வழக்கமாகக் காம்பின் நுனியில் சின்ன மணிபோல ஆடிக்கொண்டிருக்கிற வார்ட்டிசெல்லா உயிரிகள் கொத்துக்கொத்தாகத் தெரியும். அன்று காம்பு இருந்தது, மணிகள் மூடிச் சுருங்கிக் கிடந்தன, பலவற்றில் மணியே இல்லை. தண்ணீரைச் சுத்தம் செய்வது நம் இயந்திரங்கள் இல்லை, சேற்றில் இருக்கிற இந்த உயிர்கள்தான். யாரோ எதையோ ஊற்றி அவற்றைக் கொன்றிருக்கிறார்கள்.

உள்ளே போய் முந்தைய மூன்று மாத ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பி.எச். சரி, பி.ஓ.டி. (கரிமக் கழிவின் அளவு) 20க்குள், மிதக்கும் திடப்பொருள் அளவுக்குள், கோலிஃபார்ம் கிருமி அளவுக்குள். எல்லா வரியிலும் "வரம்புக்குள்" என்று அழகாக அச்சடித்திருந்தது. இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது.

ரிப்போர்ட்டில் பொய் எதுவும் இல்லை. சோதனை செய்த லேப் அங்கீகாரம் பெற்றது, ஆட்கள் நேர்மையானவர்கள். ஆனால் அவர்கள் வருவது ஒவ்வொரு மாதமும் இரண்டாவது புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு. அது வளாகம் முழுவதற்கும் தெரியும். விடுதிக் குளியல் தண்ணீரெல்லாம் வந்து முடிந்து, தொட்டி அமைதியாக இருக்கிற நேரம். ஒரு கேனில் ஒரே ஒரு முறை மொண்டு எடுத்த தண்ணீர், ஒரு மாதத்துக்கான சாட்சி. அதோடு அந்தப் பட்டியலைப் பாருங்கள்: ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் எஸ்.டி.பி.க்கும் எங்களுடையதற்கும் கிட்டத்தட்ட அதே வரிகள்தான். குடியிருப்பில் சோப்பும் சமையலறைத் தண்ணீரும் கழிவறைத் தண்ணீரும் வரும். எங்களிடம் என்ன வரும் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஒரு சாயப் பட்டறையில் என்ன சாயம், என்ன உப்பு, எவ்வளவு என்று முதலாளிக்குத் தெரியும், வருஷம் முழுக்க அதேதான். ஆராய்ச்சி வளாகத்தில் ஒவ்வொரு மேசையிலும் வேறு வேலை, ஆறு மாதத்தில் அதுவும் மாறும், புதிதாகச் சேர்ந்த மாணவருக்குப் பழைய மாணவர் சொல்வதுதான் சட்டம். அளவு சின்னது, வகை ஆயிரம். கேட்ட கேள்விக்கு ரிப்போர்ட் சரியாகத்தான் பதில் சொன்னது, கேட்க வேண்டியதை நாங்கள் கேட்கவே இல்லை.

சரி, என்ன ஊற்றினார்கள்? பினாயில், பிளீச்சிங் என்றுதான் முதலில் நினைத்தோம், விலங்குக் கூடத்தில் பெரிதாகக் கழுவினால் அப்படி ஆகும். விசாரித்தால் அங்கே எதுவும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சேற்றைக் காயவைத்து அமிலத்தில் கரைத்து உலோகங்கள் பார்க்கக் கொடுத்தேன். புதன் மாலை முடிவு வந்தது. ஈயம் சாதாரணம், துத்தநாகம் சாதாரணம், குரோமியம் மட்டும் தனியாக எகிறி நின்றது.

குரோமியம் என்ற வார்த்தையை நான் வெறும் வார்த்தையாகப் படிக்க முடியாது. எனக்குச் சொந்த ஊர் வாலாஜா பக்கம். ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் தொழிற்சாலை மூடிப் பல வருஷம் ஆன பின்பும், லட்சம் டன்னுக்கு மேல் கழிவு திறந்தவெளியில் குவிந்து கிடந்ததைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசியும். நான் பள்ளிக்கூடம் படித்தபோது அத்தை வீட்டுக்குப் போனால், அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் கை வைக்காதே என்று முதலில் அதைத்தான் சொல்வார். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழில் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்பவை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. அந்த மண்ணிலிருந்து வந்து, வேதியியல் படித்து, இந்த வேலையில் உட்கார்ந்திருக்கிற நான் பொறுப்பாக இருக்கிற தொட்டியிலேயே குரோமியம். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமையிலிருந்து மேன்ஹோல் மேன்ஹோலாகப் பின்னோக்கிப் போனோம். ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் உள்ளே இறங்கவில்லை. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரைச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இறக்கக் கூடாது. மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்து, வாயு அளவியை முதலில் விட்டுப் பார்த்துவிட்டு, கயிறு கட்டிய சின்ன எவர்சில்வர் வாளியை மேலிருந்தபடியே இறக்கி மொண்டோம். மணிக்கு ஒரு தடவை, ஐந்து மூடிகளில்.

குரோமியத்தின் விஷம் மிகுந்த வடிவத்தைக் குரோமியம் ஆறு (Cr6) என்போம், அதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. தண்ணீரில் கொஞ்சம் அமிலம் சேர்த்து டைஃபீனைல் கார்பசைடு என்ற மருந்தை விட்டால், குரோமியம் ஆறு இருந்தால் ஊதாச் சிவப்பாக மாறும். கொஞ்சம் இருந்தால் ரோஜா நிறம், நிறைய இருந்தால் நாவல்பழத்தைக் கசக்கிய மாதிரி. வியாழன் முழுக்க நிறமே இல்லை. வெள்ளி மத்தியானமும் இல்லை. அண்ணன் மட்டும், "இருங்க மேடம், வெள்ளிக்கிழமைதான லேப் எல்லாம் கழுவி மூடுவாங்க, சாயங்காலம் வரைக்கும் பாப்போம்" என்றார்.

நாலு மணி தாண்டி மூன்றாவது மேன்ஹோலில் வாளி மேலே வந்தபோது மருந்தே தேவைப்படவில்லை. வாளிக்குள் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் கரைத்த தண்ணீரின் மஞ்சள் இல்லை, கொஞ்சம் பச்சை கலந்த, கண்ணைக் குத்துகிற மஞ்சள். எனக்கு அந்த நிறம் தெரியும்.

மூன்றாவது மூடியில் இரண்டு குழாய் வந்து சேர்கிறது. ஒன்று விடுதியிலிருந்து, இன்னொன்று பழைய வேதியியல் கட்டடத்திலிருந்து. பழைய கட்டடத்தின் லேப் சிங்க்குகள் எல்லாம் இ.டி.பி. குழாயில் சேர வேண்டும், வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. இரண்டாவது மாடியில் எப்போதோ பாத்ரூமை உடைத்துக் கழுவும் அறையாக மாற்றியிருக்கிறார்கள், அதன் குழாயை யாரும் மாற்றவில்லை. போய்ப் பார்த்தால் முதல் வருஷ ஆராய்ச்சி மாணவர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், வரிசையாகப் பியூரெட் என்ற கண்ணாடி அளவுக் குழாய்களைக் குரோமிக் அமிலத்தில் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சாமான் பளிச்சென்று வரும் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை அது. சல்ஃபூரிக் அமிலத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்த கலவை. என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "மேடம், சீனியர் இப்படித்தான் கழுவச் சொன்னாங்க. நிறையத் தண்ணி விட்டுத்தான் ஊத்துறேன் மேடம்."

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நிறையத் தண்ணீர் விட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் பெரிய பதவிகளிலும் இருக்கிறார்கள். நான் அங்கேயே ஒரு தாளை எடுத்து அவரோடு சேர்ந்து கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 60 கிராம் டைகுரோமேட் போட்ட கலவை. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குரோமியம், ஆக 21 கிராம், அதாவது 21,000 மில்லிகிராம். வெளியேற்றும் தண்ணீரில் குரோமியம் ஆறுக்கு வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அப்படியானால் ஒரு லிட்டர் கலவையைத் தண்ணீர் விட்டே வரம்புக்குள் கொண்டுவர 2,10,000 லிட்டர் வேண்டும். சென்னையில் எல்லாருக்கும் லாரிக் கணக்குப் புரியும்: 12,000 லிட்டர் லாரி பதினேழு, பதினெட்டு. அப்படிக் கரைத்தாலும் அந்த 21 கிராம் எங்கும் போய்விடாது. பையன் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வாரா வாரம் ரெண்டு லிட்டர் ஊத்தியிருக்கேன் மேடம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்பதுதான் என்னை உலுக்கியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தபோது நாங்கள் லாரியை நம்பித்தான் வாழ்ந்தோம், அதற்கப்புறம்தான் சுத்திகரித்த தண்ணீர் முழுவதையும் தோட்டத்துக்கும் கழிவறைகளுக்கும் திருப்பினோம். நல்ல காரியம்தான். ஆனால் தோட்டத்துக்குப் பாய்வது நிலத்தடிக்குப் போகும். சாக்கடையில் இருக்கிற கரிமப் பொருளோடு சேர்ந்து குரோமியம் ஆறில் பெரும்பகுதி, விஷம் குறைந்த குரோமியம் மூன்றாக மாறிச் சேற்றில் தங்கிவிடும். அதனால்தான் கடைசியில் வெளிவரும் தண்ணீரில் அன்று அளந்தபோது மிகக் குறைவாகவே இருந்தது. அது எங்கள் அதிர்ஷ்டம், நாங்கள் செய்த ஏற்பாடு இல்லை.

ஆழ்துளைக் கிணற்று நீரையும் சோதித்தோம். கருவி கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே என்று வந்தது, மூச்சு வந்தது. ஆனால் பத்து வருஷத்துக்கு முன்பு அந்தக் கிணற்றில் என்ன இருந்தது என்று கேட்டால் காட்ட எங்களிடம் ஒரு எண்கூட இல்லை. இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கல்பாக்கம். அங்கே முதல் மின் உலை இயங்கத் தொடங்கியது 1983இல். அதற்குப் பல வருஷம் முன்பே சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் அமைத்து, உலை வருவதற்கு முன் அந்தப் பகுதியின் கடல் நீரிலும் மண்ணிலும் பாலிலும் மீனிலும் என்ன இருக்கிறது என்று அளந்து வைத்துவிட்டார்கள். அந்தக் கடற்கரையில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது கலந்த மணல் இயற்கையாகவே உண்டு, அதனால் பின்னணிக் கதிர்வீச்சு கூடுதல். முன்பே அளந்திருக்காவிட்டால் எது இயற்கை, எது உலையால் வந்தது என்று பிற்பாடு யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு என்ற வரம்பை வைத்துக்கொண்டு இன்றைக்கும் 30 கி.மீ. சுற்றளவில் மாதிரி எடுக்கிறார்கள். அணுமின் நிலையத்தைப் பற்றி ஒருவருக்கு என்ன கருத்து வேண்டுமானாலும் இருக்கலாம், வேலையைத் தொடங்கும் முன் அளக்க வேண்டும் என்கிற அந்தப் பழக்கம் எல்லா வளாகத்துக்கும் வர வேண்டும். புதுக் கட்டடத்துக்குப் பூமிபூஜை போடுகிற அன்றைக்கே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சோதித்து எழுதி வைத்தால் என்ன செலவாகிவிடும்?

அப்புறம் மீட்டிங். "சேறு சரியாகிவிடும், அடுத்த மாத ரிப்போர்ட் நன்றாக வந்துவிடும், இதை ஏன் எழுத்தில் கொண்டுவர வேண்டும்" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார்கள். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 31ஆம் பிரிவைப் படித்துக் காட்டினேன். எதிர்பாராத நிகழ்வால் நஞ்சு கலந்துவிட்டால் வாரியத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. கொஞ்ச நேர வாதத்துக்குப் பிறகு கடிதம் போனது. வாரியத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். தோட்டத்துக்குப் போகும் வால்வை அடைத்தோம், சேற்றை அள்ளி அபாயகரக் கழிவாகப் பதிவு செய்து, கும்மிடிப்பூண்டியில் இருக்கிற கழிவு நிரப்பு மையத்துக்கு அனுப்பினோம். வேறொரு எஸ்.டி.பி.யிலிருந்து ஒரு டேங்கர் நல்ல சேறு கடன் வாங்கி ஊற்றினோம், தயிருக்கு உறை ஊற்றுவதுபோல. மூன்று வாரத்தில் ஜாடியில் சாக்லேட் நிறம் திரும்பியது.

மிச்சமிருந்த குரோமிக் அமிலத்தை லேப் லேப்பாகப் போய்ச் சேகரித்தோம். பதினோரு லேப்களில் இருந்தது. அதை நன்றாக நீர்த்துப்போகச் செய்து, அமிலத்தன்மை குறையாமல் வைத்து, சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டைச் சிறுகச்சிறுகப் போட்டால் ஆரஞ்சு நிறம் கண்ணெதிரே பச்சையாக மாறும். பிறகு சுண்ணாம்பு சேர்த்துப் பி.எச்.சை எட்டரைக்குக் கொண்டுவந்தால் பச்சைக் கூழாகப் படியும், வடிகட்டிக் கழிவாக அனுப்பலாம். அந்தத் திருநெல்வேலிப் பையனே கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு கூட நின்று செய்தார். இப்போது கண்ணாடிச் சாமானுக்கு லேப் டிடர்ஜென்டில் ஊறவைப்பதுதான், நுண்ணிய உலோக அளவீடு செய்கிறவர்களுக்கு மட்டும் நீர்த்த நைட்ரிக் அமிலம். பியூரெட் சுத்தமாகத்தான் இருக்கிறது.

ஊருக்கு உபதேசம் சொல்வதற்கு முன் என் லேபைப் பார்த்தேன். சி.ஓ.டி. சோதனை செய்கிற ஒவ்வொரு குப்பியிலும் டைகுரோமேட் உண்டு, பாதரச சல்ஃபேட் உண்டு, வெள்ளி உண்டு. தண்ணீர் சுத்தமா என்று பார்க்கிற சோதனையே மூன்று உலோகக் கழிவை உண்டாக்குகிறது. குப்பிகளை நாங்கள் தனிக் கேனில்தான் ஊற்றி வந்தோம், ஆனால் கழுவிய முதல் தண்ணீர் சிங்க்கில் போய்க்கொண்டிருந்தது. இப்போது முதல் இரண்டு கழுவலும் கேனுக்குப் போகிறது. நாள் பார்த்து, நேரம் சொல்லி மாதிரி எடுப்பதையும் நிறுத்தினோம். இருபத்து நாலு மணி நேரமும் மணிக்கொரு தடவை எடுத்துக் கலந்த மாதிரி, எந்த நாள் என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். மழைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர் சாக்கடைக் குழாயில் புகுந்து எல்லாவற்றையும் கரைத்துவிடும், அந்த மாத ரிப்போர்ட்டெல்லாம் எப்போதும் பார்க்க நன்றாகவே இருக்கும். அதனால் எண்ணோடு சேர்த்து அன்றைய நீர்வரத்தையும் எழுதுகிறோம்.

இந்த ஜூன் 30க்குள் அபாயகரக் கழிவின் ஆண்டுக் கணக்கைப் படிவம் 4இல் கொடுக்க வேண்டியிருந்தது. போன வருஷத்தைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "என்னம்மா, கழிவு இவ்வளவு கூடியிருக்கு? கேட்டா என்ன சொல்றது?" என்றார். "கூடல சார், இவ்வளவு நாள் சிங்க்ல போனது இப்ப கேன்ல இருக்கு" என்றேன். அவர் சிறிது யோசித்து, அதையே ஒரு குறிப்பாக எழுதிப் படிவத்தோடு வைக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.